ரீஜனல் கவுன்சில் ஓட்டு: உங்கள் அனுபவம் என்ன?

நியூசிலாந்து உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட இந்நாட்டுக் குடியுரிமை தேவையில்லை. ரெசிடென்ட் விசாவோடு ஒரு வருடம் இங்கே தொடர்ந்து வாழ்ந்து, பெயரைப் பதிவு செய்திருந்தால் போதும். இது தெரியாமலே பல வருடம் கழித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அதற்கடுத்த சிக்கல் தபாலில் வரும் வாக்குச்சீட்டு உறைக்குள் இருக்கிறது.

2022-ல் நாங்கள் வெலிங்டன் பக்கத்திலுள்ள லோவர் ஹட்டில் இருந்தோம். மேயருக்கும் சிட்டி கவுன்சிலுக்கும் டிக் போட வேண்டும். பல ஊர்களுக்கும் பொதுவான வட்டார மன்றமான ரீஜனல் கவுன்சிலுக்கோ 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போட வேண்டும். "இவங்க யாருன்னே தெரியலையே, இதை அப்படியே விட்டுடலாமா?" என்று மனைவி கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரம் நூலகத்தில் வேட்பாளர் கூட்டம் நடந்தது, போனேன்.

கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து, தெருவில் குழாய் ஒழுகுவதைப் பற்றிக் கேட்டார். ரீஜனல் கவுன்சில் வேட்பாளர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். கைடோக்கியில் ஹட் ஆற்றிலிருந்தும், வைனுயோமாட்டா ஆறுகளிலிருந்தும், ஹட் பள்ளத்தாக்கின் அடியிலுள்ள வைவெட்டு நிலத்தடி நீரிலிருந்தும் தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்து, ஊர் ஊராக உள்ள நீர்த்தேக்கத் தொட்டி வரை கொண்டுபோவது அப்போது ரீஜனல் கவுன்சிலின் பொறுப்பாக இருந்தது. தொட்டியிலிருந்து வீடு வரை ஓடும் குழாய் சிட்டி கவுன்சிலுடையதாக இருந்தது. ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் கரை, பஸ், ரயில் எல்லாம் திரும்பவும் ரீஜனல் கவுன்சில்! அன்றுதான் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதே எனக்குப் பிடிபட்டது.

2024 கோடையில் வெலிங்டன் வட்டாரத்தில் தோட்டத்துக்கு ஸ்பிரிங்க்ளர் போடக் கூடாது என்று தடை வந்தபோது, விநியோகிக்கும் தண்ணீரில் ஏறத்தாழ 40 சதவீதம் கசிவிலேயே போகிறது என்ற செய்தியும் கூடவே வந்தது. அப்போது தண்ணீரை எடுத்தவர் ஒருவர், குழாய்க்குச் சொந்தக்காரராக இருந்தவர் இன்னொருவர். இரண்டு ஓட்டையும் யோசித்துப் போடாவிட்டால் பாதி வேலைதான் செய்ததாகும்.

உங்கள் ஊரில் எப்படி?

ஹாக்ஸ் பேயிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொல்வதை நாங்கள் உடம்பால் அனுபவித்தோம். 2016 ஆகஸ்டில் ஹேவ்லாக் நார்த்தில் இருந்தோம். அப்போது ஊர்த் தண்ணீரில் குளோரின் கலப்பதில்லை. அந்தச் சுவைதான் ஊருக்கே பெருமை. பலத்த மழைக்குப் பிறகு முதலில் பையனுக்கு வயிற்றுப்போக்கு, அப்புறம் எனக்கு. எதிர்வீட்டிலும் அதே கதை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பு வருவதற்குள் அந்தத் தண்ணீரிலேயே மருந்தும் கலக்கிக் கொடுத்துவிட்டிருந்தேன்.

சுமார் 14,000 பேர் உள்ள ஊரில் 5,000 பேருக்கு மேல் கேம்பிலோபேக்டர் கிருமியால் படுத்தார்கள். நான்கு மரணங்களுக்கும் அதனோடு தொடர்பு உண்டு என்றார்கள். மழையில் அடித்துவரப்பட்ட ஆட்டுப் புழுக்கை பக்கத்துக் குட்டை வழியாக ஆழ்துளைக் கிணற்றில் கலந்திருக்கலாம் என்றும், தண்ணீர் எடுக்க அனுமதி தரும் ரீஜனல் கவுன்சிலும் விநியோகிக்கும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலும் சேர்ந்து செயல்படவில்லை என்றும் விசாரணைக் குழு சொன்னது. பிறகுதான் குடிநீரைக் கண்காணிக்க தௌமாதா அரோவை என்ற தனி அமைப்பு வந்தது.

அதிலிருந்து வேட்பாளர் யாராக இருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தை யார், எப்போது போய்ப் பார்க்கிறீர்கள்? பதில் சொல்லத் திணறுபவருக்கு என் ஓட்டு இல்லை.

ஆக்லாந்திலிருந்து:

இங்கே ரீஜனல் கவுன்சில் தனியாகக் கிடையாது; 2010 முதல் ஆக்லாந்து கவுன்சிலே இரண்டு வேலையும் பார்க்கிறது. தண்ணீர் பற்றிய கேள்வியை மேயர் வேட்பாளரிடமே நேராகக் கேட்கலாம். சரி, ஒரு விஷயம்: தபாலில் போட நாள் கடந்துவிட்டால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். 2025-ல் அக்டோபர் 11 நண்பகல் வரை வாங்கினார்கள். சூப்பர்மார்க்கெட்டில் வைத்திருந்த ஆரஞ்சுப் பெட்டியில்தான் நாங்கள் போட்டோம்.