பொருள்: கரப்பான் பரவலா, பரம்பலா?

லாசுப்பேட்டை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புப் பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பிளாட்டெல்லா என்னும் கரப்பான் பேரினத்தின் இனங்கள் ஆசியாவில் எங்கெங்கே உள்ளன என்று பிள்ளைகள் படத்தில் குறிக்க வேண்டும். 'கரப்பான் பரவல் வரைபடம்' என்று தலைப்பு வைத்தேன். கரப்பான் என்பது ஒரு தோல் நோய்க்கும் பெயர் அல்லவா, சக ஆசிரியர் பார்த்துவிட்டு, "எந்த ஊரில் தோல் நோய்?" என்கிறார். வேறு சொல் உண்டா?

மஞ்சக்குப்பம், கடலூர்:
பரவல் என்றாலே இப்போது தொற்றுதான் நினைவுக்கு வருகிறது. உறைபரப்பு எனலாமே அம்மா. உறைவிடம் எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: கரப்பான் என்பதே கரத்தல், அதாவது ஒளிதல், என்ற வினையிலிருந்து வந்தது என்பது என் துணிபு. வள்ளுவரின் 'கரப்பிலார்' ஒளிக்காதவர். விளக்கைப் போட்டதும் ஒளிவது கரப்பான்.

யாழ்ப்பாணம்:
எங்கள் பாடநூல்களில் இது பரம்பல். குடிசனப் பரம்பல் என்று படித்தே வளர்ந்தோம். பேரினத்தைச் சாதி என்போம்.

லாசுப்பேட்டை:
பரம்பல் சரி ஐயா, சாதி வேண்டாம். 'கரப்பான் சாதி' என்று பலகையில் எழுதிவிட்டு நான் அந்த வகுப்பில் நிற்க முடியுமா?

சிதம்பரம்:
எங்கள் பக்கம் பரம்பு என்றால் சேற்று வயலை மட்டப்படுத்தும் பலகை. பரம்படித்தால் வயல் ஒரே சீராகிவிடும். கரப்பான் அப்படியா இருக்கிறது? உறைபரப்பு என்றாலோ பிள்ளைகள் உறைபனியைத் தேடுவார்கள்.

புதுவை, பூச்சியியல்:
இரண்டு சேதிகளை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோம். ஜெர்மன் கரப்பானுக்கு லின்னேயஸ் 1767இல் பெயர் வைத்தார். ஆனால் அதன் பூர்விகம் ஜெர்மனி இல்லை. 2024இல் வந்த மரபணு ஆய்வின்படி, சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்கே போனது, அப்புறம் ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல் காலத்தில் கிழக்கே. மனிதனோடு ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன இதற்குப் பரவல் பொருந்தும். 1981இல் ஒகினாவாவிலிருந்து விவரிக்கப்பட்ட ஆசியக் கரப்பானோ சருகிலும் புல்லிலும் வெளியில் வாழ்வது. அது இருக்கும் இடத்துக்கு வேறு சொல் வேண்டும். அது விளக்கை நோக்கிப் பறந்தும் வரும். மஞ்சக்குப்பம் ஐயாவின் 'ஒளிதல்' அங்கே நொண்டுகிறது.

மஞ்சக்குப்பம்:
வீட்டுக் கரப்பானைப் பார்த்துத்தானே மக்கள் பெயர் வைத்தார்கள்? இருக்கட்டும். கரையானையும் கரப்பான் வரிசையில் சேர்த்துவிட்டார்களாமே. தொல்காப்பிய மரபியல் 'சிதலும் எறும்பும் மூவறிவினவே' என்கிறது. சிதல் என்றால் கரையான்; மூவறிவு என்றால் தொடுதல், சுவை, மணம். கரப்பானுக்கும் மூன்று அறிவுதானா?

பூச்சியியல்:
கரப்பானுக்குக் கண் நன்றாகவே தெரியும் ஐயா. நான்காம் அறிவு பார்வை, எனவே தொல்காப்பியர் சொல்லும் நண்டோடும் தும்பியோடும் நான்கில் வையுங்கள்.

சிதம்பரம்:
அச்சு திங்கட்கிழமை என்பது யாருக்காவது நினைவிருக்கிறதா?

லாசுப்பேட்டை:
'கரப்பான்பூச்சி இனங்களின் பரவல்' என்றே அனுப்பிவிட்டேன். 'பூச்சி' சேர்ந்ததும் தோல் நோய் போய்விட்டது. இடம்பெயர்ந்த தடத்துக்குப் 'பரவுவழி' என்று தனியாகப் போட்டேன். பெரும்பாலோர் சரி என்றீர்கள், நன்றி.

மஞ்சக்குப்பம்:
நான் சரி என்று சொல்லவில்லை. இருக்கும் இடமும் போன வழியும் இன்னும் ஒரே வினையில்தான் நிற்கின்றன. அடுத்த ஆண்டுத் தாளுக்கு உறைபரப்பை மறுபடி முன்வைப்பேன். சிதலுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.