கிராஸ் என்றால் எந்த கிராஸ்? பெங்களூரில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஆர்.டி. நகர் ஆள்:
இங்கே குறுக்குத் தெருவைத்தான் கிராஸ் என்பார்கள். ஆட்டோவில் எட்டாவது கிராஸ் என்று மட்டும் சொன்னால் எங்கே இறக்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கும்பகோணத்திலிருந்து வந்த பெரியப்பாவுக்குத் தெரியாதே. ஆர்.டி. நகரில் இருக்கும் என் வீட்டுக்குப் பதில் மல்லேஸ்வரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அங்கேயும் அதே கதவு எண், பூட்டிய வீடு. ஃபோனில், "போர்டுல எட்டாவது கிராஸ்னுதான் போட்டிருக்கு. வரச் சொல்லிட்டு வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டியேடா" என்றார். எவ்வளவு விளக்கியும் பயனில்லை. ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இந்தக் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

பசவனகுடி மருமகள்:
எங்களுக்கு ஆஸ்பத்திரியில். மாமாவுக்கு ஆபரேஷன். ரத்த வங்கி ஜன்னலிலிருந்து ஒரு பையன், "இன்னும் கிராஸ் ஆகல" என்று கத்தினான். கொடுப்பவர் ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு சேருமா, இல்லை கட்டி கட்டியாகத் திரண்டுவிடுமா என்று பார்ப்பார்களே, அந்த கிராஸ் மேட்ச் முடியவில்லையாம். அத்தை என்ன நினைத்தார்? கண்டத்தை இன்னும் தாண்டவில்லை என்று எடுத்துக்கொண்டு, தாலியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா இப்போது நன்றாக இருக்கிறார். அந்தப் பையன் மேல்தான் கோபம் தீரவில்லை.

ரிட்டையர்ட் பேங்க்காரன்:
ஆர்.டி. நகர் தம்பி, ஆட்டோக்காரரைச் சொல்லி என்ன பயன்? இங்கே ஒவ்வொரு லேஅவுட்டும், அதாவது மனைப்பிரிவும், தன் ஒன்றாவது கிராஸிலிருந்து புதிதாக எண்ணும். லேஅவுட், மெயின் ரோடு, கிராஸ் மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோடும் மார்கோசா ரோடும் நீளவாக்கில் போகும், கிராஸ்கள் குறுக்கே வெட்டும். இதைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை இல்லை. என் கதை சின்னது. "செக்கை கிராஸ் பண்ணிக் கொடுப்பா" என்றேன். குடிவந்த பையன் செக் முழுக்கப் பெரிய பெருக்கல் குறி போட்டு நீட்டினான்! இடது மேல் மூலையில் இரண்டு இணைகோடு, அவ்வளவுதான். 1881ஆம் வருஷச் சட்டத்தில் 123வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. கோடு போட்ட செக்குக்கு கவுன்டரில் பணம் தரமாட்டார்கள், கணக்கில்தான் சேரும். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள்.

கனகபுரா ரோடு:
பேங்க் சார், ஊர்ப் பெயரோடு வரும் கிராஸுக்கு உங்கள் மெயின் கணக்கெல்லாம் செல்லாது. ஜாலஹள்ளி கிராஸ், கோணனகுண்டே கிராஸ் எல்லாம் பெரிய ரோட்டிலிருந்து அந்த ஊருக்குத் திரும்பும் முக்கு. கோணனகுண்டே கிராஸ் என்றே 2021இல் மெட்ரோ ஸ்டேஷன் திறந்தார்கள். "கிராஸ் பக்கத்துலதான் சார்" என்று புரோக்கர் பைக்கில் கூட்டிப்போய் வீடு காட்டினார். பைக்கில் எல்லாமே பக்கம்தான்! காலி பண்ணிவிட்டேன், அட்வான்ஸைத் தராமல் ஓனர் இழுத்தடிக்கிறார். யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.