வீட்ல சுடுற அயர்ன் பாக்ஸ் கடையில சுட மாட்டேங்குது. கணக்கு போட்டும் புரியல

மஞ்சக்குப்பம் இஸ்திரி:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல இஸ்திரிக் கடை வெச்சிருக்கேன். இருபது வருஷம் கொட்டாங்குச்சிக் கரிப்பெட்டி, போன தையிலேருந்துதான் கரண்ட் பெட்டி. 230 வோல்ட், 1000 வாட்னு அடிச்சிருக்கு. திருப்பாதிரிப்புலியூர்ல வீட்ல சொருகினா தண்ணி தெளிச்ச துணி 'சுர்ர்'ங்குது. கடையில அதே பெட்டி சோம்பேறி. வக்கீல் வெள்ளைச் சட்டைக் காலருக்கு ஒரு இழுப்பு போதும், இங்க மூணு இழுக்கணும்.

மச்சான்கிட்ட டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கிற மீட்டர்) இரவல் வாங்கினேன். முதல்ல பெட்டி ஒயரை முழுசா கவ்வ வெச்சேன், சைபர்னு காட்டிச்சு. மீட்டர் செத்துப்போச்சுன்னு அவனைத் திட்டினேன். அப்புறம் அவன்தான் ஒரு முழ ஒயர்ல மேல் உறையை மட்டும் கீறி, உள்ள இருக்கிற மூணையும் பிரிச்சு, பேஸ் ஒயரை மட்டும் கவ்வச் சொன்னான்.

வீட்ல 228 வோல்ட், 4.3 ஆம்பியர். கடையில 200 வோல்ட், 3.8 ஆம்பியர்.

பொண்ணு பத்தாவது படிக்குது, மின்னோட்டவியல் பாடம் இப்பதான் முடிஞ்சுதாம். அது போட்ட கணக்கு: வீட்ல 228 வகுத்தல் 4.3, மின்தடை 53 ஓம். பெருக்கினா 980 வாட். கடையில 52.6 ஓம், 760 வாட். பெட்டி கெட்டுப்போச்சா? வாட் கம்மின்னா பில்லாவது கம்மியா வருமா?

வயரிங் தம்பி:
காயில் வீக் ஆயிடுச்சுண்ணே. எலிமென்ட் மாத்துங்க, சரியாயிடும்.

பழைய லைன்மேன்:
வயரிங் தம்பி, எலிமென்ட்டை விக்காதப்பா. காயில் போயிருந்தா ஓம் மாறணும். ரெண்டு இடத்துலயும் 53 பக்கத்துலதான் நிக்குது, பெட்டி கல்லு மாதிரி இருக்கு. சைபர் காட்டினதும் மீட்டர் குத்தமில்ல. பேஸ்ல போறதும் நியூட்ரல்ல திரும்பறதும் ஒரே அளவு, எதிர்த் திசை. ரெண்டையும் சேர்த்துக் கவ்வினா ஒண்ணை ஒண்ணு அடிச்சுடும்.

குறையறது வோல்ட்டேஜ். அது குறைஞ்சா ஆம்பியரும் கூடவே குறையும், வாட் ரெண்டு பக்கமும் அடி வாங்கும். அதனாலதான் வோல்ட் எட்டுல ஒரு பங்கு குறைஞ்சதுக்கு வாட் கிட்டத்தட்ட கால் பங்கு போயிடுச்சு. அந்த 200 எங்க குறையுதுன்னு பாருங்க. பெட்டியை அணைச்சுட்டு பிளக் பாயின்ட்ல ஒரு ரீடிங். பெட்டி ஓடும்போது இபி மீட்டர் போர்டுகிட்ட ஒரு ரீடிங். போர்டைத் திறக்கத் தெரிஞ்ச ஆளைக் கூட வெச்சுக்குங்க, தனியா கை வைக்காதீங்க.

மஞ்சக்குப்பம் இஸ்திரி:
ஐயா, பார்த்தாச்சு. பெட்டி அணைச்சிருக்கும்போது பாயின்ட்ல 222. ஓடும்போது மீட்டர் போர்டுல 218, பாயின்ட்ல 200.

பழைய லைன்மேன்:
மாட்டிக்கிச்சு. மீட்டர் வரைக்கும் வர்றதுக்குள்ள 4 வோல்ட்தான் போகுது, அது சகஜம். மீட்டர்லேருந்து உங்க பாயின்டுக்குள்ள 18 வோல்ட் காணாமப் போகுது. 18 வகுத்தல் 3.8, ஏறக்குறைய 4.7 ஓம். உங்க சொந்த ஒயர்லயே இவ்வளவு தடை!

ஒயர் எவ்வளவு நீளம்? 20 மீட்டர்னு வெச்சா போக வர 40. ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி மீட்டருக்கு 0.018 ஓம், மொத்தம் 0.7 ஓம். 3 வோல்ட் கூட விழக்கூடாது. மிச்சம் 15 வோல்ட் ஏதோ ஒரு ஜாயின்ட்ல விழுது. 15 பெருக்கல் 3.8, 57 வாட். ரெண்டு சால்டரிங் அயர்னை டேப்புக்குள்ள சுத்தி சுவத்துல விட்டிருக்கீங்கன்னு நினைச்சுக்குங்க. இன்னிக்கு அந்தக் கடையில பெட்டியைப் போடாதீங்க.

பில் கேட்டீங்களே. மீட்டர் எண்ணுறது 218 பெருக்கல் 3.8, அதாவது 828 வாட். துணி பார்க்கறது 760. அதுவும் சூடு ஏற நேரமாகும்னா தெர்மோஸ்டாட் (சூடு போதும்னா தானா அணைக்கிற சுவிட்ச்) அணையாம ஓடிக்கிட்டே இருக்கும். அப்புறம் பில்லுல மிச்சம் பிடிக்கிறது எங்க?

மஞ்சக்குப்பம் இஸ்திரி:
பொண்ணு ஒரு கேள்வி கேட்குது. I ஆம்பியர், V வோல்ட், R தடையாம். I²R-னு பார்த்தா R கூடக்கூட சூடு கூடணும், V²/R-னு பார்த்தா குறையணும். பாடத்துல ரெண்டும் இருக்கு. எது சரி?

பண்ருட்டி டீச்சர்:
ரெண்டும் சரிதாம்மா. எது மாறாம நிக்குதுன்னு பாரு. பிளக்ல வோல்ட்டேஜ் நிலையா இருக்கும், அங்க V²/R. தடை கம்மியா இருக்கிற பெட்டிதான் கூடுதல் வாட் இழுக்கும். ஜாயின்ட் பெட்டியோட தொடரிணைப்புல இருக்கு. எத்தனை ஆம்பியர் ஓடணும்னு பெரும்பாலும் பெட்டியோட 53 ஓம்தான் முடிவு பண்ணுது, ஜாயின்ட் வாயை மூடிக்கிட்டு அதை வாங்கிக்கணும். அங்க I²R. ஜாயின்ட் தடை கூடினா ஜாயின்ட் இன்னும் சுடும். பரீட்சையில இந்த வித்தியாசம் தெரியாம மார்க் விடறவங்களே அதிகம்.

இன்னொண்ணு, இதே பெருக்கலைக் கிரைண்டருக்குப் போட்டுடாத. மோட்டாருக்கு பவர் ஃபேக்டர்னு ஒண்ணு இருக்கு, V பெருக்கல் I அங்க நிஜ வாட்டை விடக் கூடுதலா காட்டும்.

மஞ்சக்குப்பம் இஸ்திரி:
கிடைச்சிடுச்சு ஐயா. மெயினை அணைச்சுட்டு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பிரிச்சோம். காலண்டர் மாட்டியிருக்கிற ஆணிக்குப் பின்னாடி, ஒயர் பத்தலைன்னு யாரோ முறுக்கி ஒட்டின ஜாயின்ட். டேப் உருகிக் கருப்பட்டிப் பாகு மாதிரி இழுபட்டுச்சு. உள்ள தாமிரம் பச்சையா களிம்பு ஏறியிருந்துச்சு, உப்புக் காத்து வேலை. காலண்டரோட பின்பக்கம் பழுப்பா ஒரு வட்டம் வேற. இத்தனை நாளா அந்தத் தேதியைக் கிழிச்சுட்டுதான் கடை தொறக்கறேன்.

புது ஒயர், நடுவுல ஜாயின்ட் இல்லாம இழுத்தாச்சு. இப்ப பாயின்ட்ல 215 வோல்ட், 4.1 ஆம்பியர். 881 வாட்னு பொண்ணு பேப்பர்ல எழுதிக் குடுத்துச்சு. காலர் ஒரே இழுப்பு.

வயரிங் தம்பி:
சாரிண்ணே.