வாட்டர் சாச்சுரேஷன்: தமிழில் என்ன போடலாம்?

வணக்கம். பெட்ரோலியப் பொறியியல் பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். கிணற்றுப் பதிவை (துளைக்குள் கருவி இறக்கி எடுக்கும் மின்தடை அளவீட்டை) வைத்து மணற்கல்லின் வாட்டர் சாச்சுரேஷனைக் கணக்கிடும் அத்தியாயத்தில் நிற்கிறேன். வேதியியலில் 'தெவிட்டிய கரைசல்' என்று படித்திருக்கிறோமே, 'நீர்த்தெவிட்டல்' சரியாக வருமா?

---

வேண்டாம். தெவிட்டினால் அதற்குமேல் ஏற்காது, அது எல்லை. இங்கே நாம் சொல்வது பங்கு: பாறையின் நுண்துளைகளில் நீர் பிடித்திருக்கும் இடம் எவ்வளவு, எண்ணெயோ எரிவளியோ பிடித்திருப்பது எவ்வளவு என்பது. கணக்கையே பாருங்கள். நுண்துளைமை, அதாவது பாறையின் கன அளவில் துளைகளின் பங்கு, 20 விழுக்காடு, துளைநீரின் மின்தடை எண் 0.1 ஓம்-மீட்டர். பொறியாளர் ஆர்ச்சி 1942-இல் தந்த சமன்பாட்டில் மாறிலியை 1 என்றும் அடுக்குக்குறிகள் இரண்டையும் 2 என்றும் வைத்தால், முழுக்க நீர் நிரம்பிய பாறை 2.5 ஓம்-மீட்டர் காட்டும். பதிவில் 10 வந்தால் பாதிதான் நீர் (2.5-ஐ 10-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.5). 40 வந்தால் கால். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது, அதனால்தான் இந்த ஏற்றம். 'கால்பங்கு தெவிட்டியது' என்று எழுதினால் மாணவர் குழம்பிப்போவார். 'நீர்நிறைவு வீதம்' என்பது என் பரிந்துரை.

---

ஐயா, அவசரப்பட வேண்டாம். 'தெவுக் கொளற் பொருட்டே' என்கிறது தொல்காப்பிய உரியியல், அதாவது தெவு என்றால் கொள்ளுதல். மதுரைக்காஞ்சியில் வரிசையாக நின்று நீர் முகப்போர் 'நீர்த்தெவ்வு நிரைத் தொழுவர்'. தெவிட்டலும் இதே வேரில் கிளைத்தது என்பது என் துணிபு. பாறை கொண்ட நீர் 'நீர்த்தெவு'. இவ்வளவு சின்னச் சொல் கையில் இருக்க, இரண்டு சொல்லை எதற்கு ஒட்ட வேண்டும்?

---

அழகான சொல்தான். ஆனால் தொழுவர் நீரை முகந்து வெளியே எடுக்கிறார்கள், நம் நீர் பாறைக்குள்ளேயே கிடக்கிறது. இன்னொன்று, எண்ணெய் எவ்வளவு நெருக்கினாலும் மணல் துகளை ஒட்டிக்கொண்டு வெளியேறாத நீர் ஒன்று உண்டு. அதை 'நீங்கா நீர்நிறைவு' என்றால் யாருக்கும் புரியும். 'நீங்காத் தெவு' என்றால் உரைகாரரைத்தான் தேட வேண்டும்.

---

புலத்தில் எல்லாரும் 'சாச்சுரேஷன்' என்றுதான் பேசுகிறார்கள். அப்படியே தமிழ் எழுத்தில் விட்டால் யாருக்கு நட்டம்?

---

பாடம் முதலாண்டு மாணவருக்கு, அதனால் விட மனமில்லை. சரி, முதலில் பரிந்துரைத்தபடி 'நீர்நிறைவு வீதம்' என்றே அனுப்புகிறேன். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'சாச்சுரேஷன்' இருக்கும். அனைவருக்கும் நன்றி.

---

அனுப்புமுன் ஒன்று. தெவிட்டல் எல்லைச்சொல் என்று தள்ளினோம். 'நிறைவு' மட்டும் என்னவாம்? கால்பங்கு நீர் உள்ள பாறையில் எது நிறைந்தது? 'நீர்ப்பங்கு' போதும் என்பேன்.