உதவி வேணும்: எட்வின் வான்கிளீஃபை காணோம், கதையும் ஒட்ட மாட்டேங்குது

ஈசூன்_ரோக்:

வணக்கம் மக்களே. ஹார்த்ஸ்டோன் கார்டு கேம் ஆடுறவங்க, அதுக்கு மூலமான வார்கிராஃப்ட் கேம் கதை தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் கை கொடுங்க, எனக்கு மண்டை காயுது.

விஷயம் இதான். ஏப்ரல்ல தமிழ்மொழி விழாவுக்கு இங்க சிங்கப்பூர்ல எங்க சமூக மன்ற இளையர் குழு தனிநடிப்பு போடுது, ஆளுக்கு பத்து நிமிஷம், வில்லன் பாத்திரமா இருக்கணும். மத்தவங்க எல்லாம் ராவணன், துரியோதனன், சகுனின்னு புக் பண்ணிட்டாங்க, நான் என் ஹார்த்ஸ்டோன் ரோக் டெக்ல (திருடன் சீட்டுக்கட்டு) ரொம்ப நாளா குந்திக்கிட்டு இருக்குற எட்வின் வான்கிளீஃபையே எடுத்துக்குறேன்னு சொல்லிட்டேன், டைரக்டர் அக்காவும் "புதுசா இருக்கு, செய்"ன்னுட்டாங்க. கார்டுக்கு கீழ இருக்குற குட்டி வரியிலயே பாதி கதை இருக்கு பாருங்க: ஸ்டார்ம்விண்ட் நகரத்தை திருப்பிக் கட்டின கொத்தனார் கூட்டத்துக்கு தலைவன், பணக்காரங்க கூலி கொடுக்கல, உடனே டிஃபையாஸ்ங்கிற கொள்ளைக் கும்பலை ஆரம்பிச்சுட்டான்.

சரி, ஆளை நேர்ல பார்ப்போம்னு அந்த கதை நடக்குற ஆன்லைன் கேம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டை ஃப்ரீயா கிடைக்கிற வரைக்கும் டவுன்லோட் பண்ணி, ஓர்க் (அரக்க இனம்) பாத்திரம் ஒண்ணு செஞ்சு, லெவல் ஏத்தி எட்வின் பதுங்கியிருக்குற டெட்மைன்ஸ் சுரங்கத்துக்குள்ள போனா எட்வினே இல்ல! கடைசி பாஸா (அடிக்க வேண்டிய பெரிய எதிரி) சாப்பாட்டை தூக்கி எறியற ஒரு சமையல்காரன் நிக்கிறான். யூடியூப்ல பார்த்தா வனெஸ்ஸான்னு ஒரு பொண்ணு வருது, எனக்கு அதுவும் வரல. இது ஒரு பிரச்சனை.

ரெண்டாவது பிரச்சனை பெருசு. படிச்சுப் பார்த்தா கூலி கொடுக்காததுக்கு காரணமே கட்ரானா பிரெஸ்டர்ங்கிற சீமாட்டியாம், அவ நிஜத்துல ஓனிக்ஸியாங்கிற கருப்பு டிராகனாம், பிரபுங்க மண்டையை கழுவிட்டாளாம். அப்போ எல்லாத்தையும் டிராகன்தான் செஞ்சதுன்னா என் ஆளு யார் மேல கோவப்படுவான்? மேடையில நின்னு வசனம் பேசினா ஏமாந்த கேனையன் மாதிரி தெரியறான். அடுத்த வாரம் ஒத்திகை. காப்பாத்துங்க.

மூன்புரூக்_மாமா:

தம்பி முதல் பிரச்சனை சுலபம். நீ போனது புது டெட்மைன்ஸ். 2010 டிசம்பர்ல கேட்டகிலிசம்ங்கிற கூடுதல் பாகம் வந்தப்போ அந்த சுரங்கத்தை மொத்தமா மாத்திட்டாங்க, கதைப்படி எட்வின் அதுக்கு முன்னாடியே செத்துட்டான், அவன் மக வனெஸ்ஸா கும்பலை திரும்ப எழுப்புறா. அவளையும் ஹீரோயிக்ங்கிற கஷ்டமான மோட்ல போனாத்தான் பார்க்கலாம், சாதாரண மோட்ல சமையல்காரன் குக்கியோட முடிஞ்சிடும்.

உனக்கு வேணுங்கிறது கிளாசிக், அதாவது கேமோட பழைய வடிவம். அதுக்கு மாச சந்தா கட்டணும், கட்டினா புதுசு பழசு ரெண்டும் ஆடலாம். ஆனா ஓர்க் வேணாம்ப்பா, மனுஷனையோ குள்ளனையோ செய், ஓர்க்குங்களுக்கு எதிர் அணியான அலையன்ஸ் பக்கம். ஓர்க்காலயும் சுரங்கத்துக்குள்ள போக முடியும்தான், ஆனா கதை இருக்குறது குவெஸ்ட்டுல (கேம்ல கொடுக்குற பணி), குவெஸ்ட் எல்லாம் அலையன்ஸுக்கு. ஓர்க்கோட ஸ்டார்ம்விண்ட் வாசல்ல போய் நின்னு பாரு, காவக்காரன் மரியாதை பண்ணி அனுப்புவான்.

முடிஞ்சா நாலு பேரை சேர்த்துக்கிட்டு போ. சுரங்கத்துல இறங்கி, உலைக்கூடம் தாண்டி, கடைசியில குகைக்குள்ள ஒரு துறைமுகம் திறக்கும், அதுல முழுசா ஒரு போர்க்கப்பல் நிக்கும். மொத தடவை பார்க்குறவன் வாயைப் பிளப்பான். ஸ்டார்ம்விண்டை தாக்குறதுக்கு யாருக்கும் தெரியாம கட்டினது. அந்த கப்பல் மேல்தளத்துலதான் எட்வின். பாதி ரத்தம் போனதும் ஆளுங்களைக் கூப்பிடுவான், ஹீலர் (காயம் ஆத்துறவன்) முழிச்சிருக்கணும்.

பாசிர்ரிஸ்_முர்லாக்:

இதுக்கு ராவணனே தேவலாம் லா, பத்து தலை இருக்கு, வசனத்தை பிரிச்சு கொடுத்துடலாம்

சைட்_கோஆர்டினேட்டர்:

கேம்ல நான் சும்மா சுமார்தான், ஹார்த்ஸ்டோன் எம்ஆர்டி ரயில்ல போறப்போ ஆடுவேன். ஆனா கூலி விஷயம்னதால சொல்றேன், நான் கட்டுமான சைட்டுல இருக்குறவன்.

முன்ன ஒரு சப்கான்ட்ராக்டர்கிட்ட நம்ம ஊர் பையனுங்க கொஞ்ச பேர் வேலை பார்த்தானுங்க, சம்பளம் மாசக்கணக்குல இழுக்குது, இன்னைக்கு நாளைக்குன்னு சாக்கு. பையனுங்க ஒருநாள் சைட்டுக்கு வரமாட்டோம்னு டார்ம்லயே (தொழிலாளர் விடுதி) உக்காந்துட்டானுங்க. அப்போ தவுக்கே (முதலாளி) என்ன செஞ்சாரு தெரியுமா, சூப்பர்வைசரை மட்டும் கன்டெய்னர் ஆபீஸுக்குள்ள கூப்பிட்டு ஏர்கான் போட்டு கோப்பி வாங்கிக் கொடுத்து "உன் பாக்கியை இப்பவே தர்றேன், அவனுங்களை அமைதியா இருக்கச் சொல்லு"ன்னாரு. அவரும் கவரை வாங்கிக்கிட்டாரு. அதுக்கப்புறம் பையனுங்க தவுக்கேயை திட்டினதை விட அந்த சூப்பர்வைசரை திட்டினதுதான் ஜாஸ்தி. அவர் வந்தா தட்டை எடுத்துக்கிட்டு வேற மேசைக்கு போயிடுவானுங்க.

நான் ஏன் இதை சொல்றேன்னா, தம்பி யார் மேல கோவப்படுறதுன்னு கேக்குறாப்ல. பெரிய இடத்து மேல வர்ற கோவம் ஒரு மாதிரி, கூட நின்னவன் மேல வர்றது வேற மாதிரி. உங்க கதையில அப்படி கவர் வாங்கினவன் யாராச்சும் இருக்கானா?

(எட்வின் மட்டும் இங்க இருந்திருந்தா டிஏடிஎம்ல (சம்பளத் தகராறு தீர்க்குற அமைப்பு) போய் புகார் போட்டிருப்பான், மொதல்ல சமரசம், ஒத்துவரலைன்னா நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரைக்கும், தொழிற்சங்கம் மூலமா போனா 30,000. வேலையில இருந்தா ஒரு வருஷத்துக்குள்ள, விட்டுட்டா ஆறு மாசத்துக்குள்ள போடணும். ஒர்க் பெர்மிட் ஆளுங்களும் போடலாம். இதைப் படிக்கிற யாருக்காவது உதவும்னு சொல்லி வைக்கிறேன்.)

தேதாரிக்_பிரீஸ்ட்:

அண்ணே சூப்பரான கேள்வி கேட்டீங்க. இருக்கான்! பேரு பாரோஸ் அலெக்ஸ்டன்.

ஈசூன் தம்பி, கவனமா படி, உன் நாடகமே இதுலதான் இருக்கு. கிளாசிக்ல எட்வினை அடிச்சதும் அவன்கிட்டேர்ந்து ஒரு கடிதம் கிடைக்கும், அனுப்பாத கடிதம். யாருக்குன்னு பார்த்தா ஸ்டார்ம்விண்ட் நகரத்தோட கட்டடக் கலைஞர் பாரோஸுக்கு. கதீட்ரல் சதுக்கத்துல நகர மண்டபத்துல இருப்பாரு, கொண்டு போய் கொடுத்தா மனுஷன் பழைய கதையை சொல்லுவாரு. அவரும் அதே கொத்தனார் சங்கத்து ஆளுதான், எட்வின் கூட சேர்ந்து நகரத்தைக் கட்டினவரு. முதல் போர்ல ஓர்க்குங்க தரைமட்டமாக்கின ஊரை இவங்க திரும்ப எழுப்பினாங்க, கூலி கேட்டப்போ பிரபுக்கள் சபை கையை விரிச்சுடுச்சு. ஆனா சங்கத்துல மேல இருந்த சில பேருக்கு மட்டும் நிரந்தர அரசாங்க வேலை தர்றோம்னாங்க. பாரோஸ் வேலையை எடுத்துக்கிட்டாரு. எட்வினுக்கும் வந்துச்சு, வேணாம்னுட்டு தன் ஆளுங்களோட வெளிய போயிட்டான்.

இப்போ டிராகன். அது பிரபுங்க காதுல ஓதுச்சு, ஆனா கையை விரிச்சது பிரபுங்கதான். எட்வின் வாயில டிராகன் வரவே வேணாம், உன் மேடையில அவனுக்கு அது தெரியாது, அவ்ளோதான். ஆரம்பத்துலயே அறிவிப்பாளர் ஒரு வரியில சொல்லிட்டா பார்க்குறவங்களுக்கு தெரியும், அவனுக்கு தெரியாது, பத்து நிமிஷமும் அந்த இறுக்கம் நிக்கும். பாரோஸ் எதிர்ல இருக்குறதா நினைச்சு பேசு. பிரபுங்களை திட்டினா மேடைப்பேச்சு ஆயிடும்.

இன்னொண்ணு, அவனை தியாகி ஆக்கிடாத ப்ளீஸ். கலவரத்துல பறந்த கல்லு பட்டு ராணி டிஃபின் செத்துட்டாங்க, கைக்குழந்தை ஆண்டுயின் தாயில்லாப் பிள்ளையாச்சு. அப்புறம் வெஸ்ட்ஃபால்ங்கிற விவசாயப் பகுதிக்கு போய் அவன் கொள்ளையடிச்சது யாரை? பிரபு ஒருத்தன் கூட அங்க இல்ல. சால்டீன் மாதிரி விவசாயிங்களை. வயலை விட்டுட்டு ஓடினாங்க, ராஜா படையும் வரல, கடைசியில கிரையன் ஸ்டவுட்மேண்டில்னு ஒருத்தர் மக்கள் படைன்னு சேர்த்து காவல் காக்க வேண்டியதாச்சு. பாக்கி வச்சவன் கோட்டைக்குள்ள சுகமா இருக்கான், அடி வாங்கினது உழுதவன். இந்த இடத்துல எட்வின் கொஞ்சம் திணறணும், நல்ல நடிகனுக்கு அதான் சோறு.

மூன்புரூக்_மாமா:

அக்கா சொன்னதுல ஒண்ணு சேர்த்துக்கிறேன், அந்த கடித குவெஸ்ட் பாரோஸோட முடியாது. அடுத்து சிறையில பாசில் திரெட்னு ஒரு கைதி, அப்புறம் கிரெகோர் லெஸ்கோவர்னு ஒரு பிரபு, அந்தாளே டிஃபையாஸோட ரகசியமா கைகோத்தவன்! நடுவுல துப்பு கொடுக்குறது எல்லிங் டிரையாஸ்னு ஒரு சீஸ் கடைக்காரர். கூலி கொடுக்காத வர்க்கத்துல ஒருத்தனே கும்பலோட கூட்டாளி, பத்து நிமிஷத்துல இதை நுழைக்காத, குழப்பும்.

ஈசூன்_ரோக்:

அண்ணே அக்கா மாமா எல்லாருக்கும் கோடி நன்றி!! நேத்து ராத்திரியே உக்காந்து திருப்பி எழுதிட்டேன், மேடையில ஒரு பெட்டி, அதுமேல காகிதம், எட்வின் கடிதம் எழுதுறான், எழுதி எழுதி அடிக்கிறான், வெளிய கப்பல் வேலை சத்தம். "நமக்கு ஒரே உளிதான் பாரோஸ், நீ அதை வித்துட்டே"ன்னு ஒரு வரி வந்துச்சு, ஓகேவா?

அந்த கார்டு பத்தியும் ஏதாவது சேர்க்கலாமா, எங்க குழுவுல பாதி பேர் ஹார்த்ஸ்டோன் ஆடுறவங்க.

உட்லண்ட்ஸ்_காம்போ:

கார்டை வாயால சொல்லாத, செஞ்சு காட்டு. பழைய எட்வினை இறக்க 3 மானா (கார்டுக்கு கொடுக்குற விலை), ஆனா வெறும் 2/2 (அடி 2, உயிர் 2). தனியா இறக்கினா பூச்சி. அதே டர்ன்ல முன்னாடி ஆடின ஒவ்வொரு கார்டுக்கும் +2/+2. காயின், பேக்ஸ்டாப்னு ரெண்டு கார்டு, அப்புறம் எட்வின்னா ரெண்டாவது டர்ன்லயே 6/6 நிப்பான், எதிராளி மூஞ்சியைப் பார்க்கணும். அப்புறம் தாங்கலன்னு 4 மானா ஆக்கிட்டாங்க. எதிராளி சாப்ங்கிற கார்டைப் போட்டு கைக்கு திருப்பி அனுப்பினா மறுபடி அதே 2/2. தலைவனோட பலம் முன்னாடி போனவனுங்ககிட்டதான் இருக்கு, கார்டு டிசைன் பண்ணினவன் கதையைப் படிச்சிருக்கான்.

அதனால முதல் நிமிஷம் குனிஞ்சு உக்காரு. கூட வேலை செஞ்சவன் பேரை ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல நிமிரு. பாரோஸ் பேர் வந்ததும் மறுபடி குனி. கார்டு ஆடுறவனுக்கு புரியும், ஆடாதவனுக்கும் நல்லா இருக்கும்.

தேதாரிக்_பிரீஸ்ட்:

உளி வரி ஓகே, ஆனா "வித்துட்டே" ரொம்ப சினிமா. "நீ அதை கீழ வச்சுட்டே"ன்னு போடு.

மகளை மறந்துடாத. கேட்டகிலிசம் கதையில வனெஸ்ஸா அப்பன் சாவுறதை கண்ணால பார்த்தவ, வளர்ந்தது அதே சால்டீன் வீட்டுல, ஹோப்ங்கிற பேர்ல. அப்பன் யாரை விரட்டினானோ அவங்க சோத்துல. நீ நேர்ல காட்ட வேணாம், எழுதும்போது ஒரு தடவை கதவுப் பக்கம் திரும்பி "இன்னும் தூங்கலையா"ன்னு கேளு. போதும்.

ஈசூன்_ரோக்:

அக்கா புல்லரிக்குது. மாத்திட்டேன். சிவப்புத் துணி முகமூடி தேக்கா மாடியில வாங்கிக்கலாம்ல? டிஃபையாஸ் ஆளுங்க மூக்குக்கு கீழ கட்டியிருப்பானுங்களே.

சைட்_கோஆர்டினேட்டர்:

கிடைக்கும் தம்பி. ஆனா வாயை மூடிக் கட்டினா மைக்ல ஒண்ணும் கேக்காது, கழுத்துல இறக்கி விட்டுக்க. தேதி முடிவானதும் இங்கயே போடுங்க, சனிக்கிழமையா இருந்தா பையனுங்களையும் கூட்டிட்டு வர்றேன்.