'அழகிய' என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

கேள்வி:
மொழிபெயர்க்கும்போது 'அழகிய' என்று வரும் இடங்களிலெல்லாம் 'பியூட்டிஃபுல்' என்றே எழுதிவிடுகிறேன். ஒரே பத்தியில் மலைக்கும் குழந்தையின் சட்டைக்கும் பழைய மேசைக்கும் அச்சொல்லே விழுந்தபோது எனக்கே சலித்துவிட்டது. 'ப்ரெட்டி', 'லவ்லி', 'ஹேண்ட்சம்' ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1:
மலைக்கு 'பியூட்டிஃபுல்' அப்படியே இருக்கட்டும். மனத்தை நிறைக்கும் அழகை அது குறிக்கிறது. சட்டைக்கு 'ப்ரெட்டி' பொருந்தும். சிறியதும் மென்மையானதுமாய்க் கண்ணுக்கு இதமளிக்கும் பொருள்களுக்கே அது பெரும்பாலும் வழங்குவதால், ஓங்கிய மலைத்தொடரை அப்படிச் சொன்னால் அதைச் சற்றுக் குறைத்துச் சொன்னது போலாகிவிடும்.

பதில் 2:
மேசைக்கு என் தேர்வு 'ஹேண்ட்சம்'. ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று பலரும் எண்ணும் இச்சொல்லுக்குத் தொடக்கத்தில் 'கையாள எளிதானது' என்பதே பொருள். இன்று அது திடமாகவும் நேர்த்தியாகவும் செய்த மரச்சாமானுக்கும், எடுப்பான கட்டடத்துக்கும், ஏன், கணிசமான பணத்தொகைக்கும்கூட வழங்குகிறது.

பதில் 3:
'லவ்லி' பொருளின் தோற்றத்தைவிடச் சொல்பவரின் மகிழ்ச்சியையே மிகுதியாகக் காட்டுவதால், கண்ணுக்குப் புலப்படாத உரையாடலுக்கும் மாலைப்பொழுதுக்கும் தயங்காமல் எழுதலாம். 'ப்ரெட்டி'யில் மட்டும் எச்சரிக்கை தேவை: 'தி ஹவுஸ் இஸ் ப்ரெட்டி ஓல்ட்' என்றால் வீடு அழகானது என்றல்ல, ஓரளவு பழையது என்றே பொருள். நானும் ஒருமுறை இதில் வழுக்கியிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மேசையை இப்போதே திருத்திவிட்டேன்.