ஏற்காட்டு இறக்கத்தில் பிரேக் பெடல் கீழே போன அனுபவம் யாருக்காவது உண்டா?

அஸ்தம்பட்டி, எம்ஜி ஏ 1500

சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வண்டி எம்ஜி ஏ என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து என் தந்தை வாங்கியது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், ஒரே பிரேக் லைன், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது என்பதெல்லாம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டுப் போர்டிகோவில் வைத்து எல்லா வேலையையும் நானே பார்க்கிறேன். டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் புதிது, டிரம்கள் நன்றாக இருக்கின்றன, எங்கும் கசிவு இல்லை.

பாதி மலைக்கு மேல் இறங்கிவிட்ட நிலையில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் பெடலை மிதித்தேன். அது எந்த எதிர்ப்பும் காட்டாமல் அடிப்பலகை வரை போய்விட்டது. பம்ப் அடித்துப் பார்த்தும் பாதி அளவுகூட ஏறவில்லை. எதிரே ஒரு பேருந்து, வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தது. மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கினேன். முதல் கியருக்கு, ஓட்டத்தில் கியரை உரசாமல் சேர்க்கும் சிங்க்ரோ இல்லாததால் அதற்கும் கீழே இறக்க அந்த நேரத்தில் வழியில்லை. ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, சாலையோர வடிகால் கல்லில் முன்சக்கரத்தை உரசவிட்டு நிறுத்தினேன். என் மனைவி இரு கைகளாலும் டாஷ்போர்டைப் பற்றியிருந்தார். பேருந்தின் முன் பம்பர் எங்கள் பானட்டுக்குக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது.

அரை மணி நேரம் கழித்து மிதித்தால், பெடல் பழையபடி உறுதியாக நிற்கிறது. ஒரு சொட்டு ஆயில்கூட வெளியே வரவில்லை. வீட்டில் சோதித்தும் ஒரு குறையும் தென்படவில்லை. குறை இன்னதென்று தெரியாத வண்டியில் குடும்பத்தை ஏற்ற மனம் வரவில்லை. இதே போல் யாருக்காவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

சூரமங்கலம், எம்ஜி பி

ஐயா, உங்கள் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் வண்டியை வாங்கிய புதிதில், பழைய ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளில் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டித் திறந்தபோது, உள்ளே இருந்து வந்த ஆயில் கருங்காப்பி நிறத்தில் இருந்தது. பாட்டிலின் அடியில் துருத்தூள் படிந்தது. அந்த ஆயிலை நம்பித்தான் வாங்கிய அன்று கொளகூர் வளைவுகளில் இறங்கி வந்திருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது.

நாம் ஊற்றும் பிரேக் ஆயில், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற தரத்திலுள்ள புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் அது 140 டிகிரிக்கு அருகில் இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு இந்த அளவுகள் 230, 155. சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் ஆயில் கொதித்து ஆவி உண்டானால், நீங்கள் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் அந்த ஆவியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஆறியதும் ஆவி மறையும், பெடல் திரும்பும், கசிவும் இருக்காது. வீட்டில் சோதித்தபோது உங்களுக்கு எதுவும் அகப்படாததற்கு இதுவே காரணம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. ஆட்களுடன் ஒரு டன் எடையுள்ள வண்டி 1,200 மீட்டர் இறங்கினால், ஒரு கோடி ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்த வெப்பம் போதும். எஞ்சினும் காற்றும் தாங்கியது போக மீதி முழுவதும் உங்கள் நான்கு டிரம்களின் தலையில்தான் இறங்குகிறது.

ஆகவே, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆயிலை முழுவதும் மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே திறந்து பல மாதங்களாக அலமாரியில் இருக்கும் டப்பாவைப் பயன்படுத்த வேண்டாம். மூடியிருந்தாலும் அதில் ஈரம் ஏறியிருக்கும். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகில் உள்ள சக்கரத்தில் முடியுங்கள். உதவிக்கு நிற்பவர் பெடலை மெதுவாக மிதித்து, நீங்கள் நிப்பிளை மூடும்வரை காலை எடுக்காமல் இருக்க வேண்டும். என் வீட்டில் இந்த வேலைக்கு என் மகள்தான் துணை. இடையிடையே மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவில் அளவு குறைகிறதா என்று பார்த்து நிரப்புங்கள், இல்லையேல் காற்று புகுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். சிலிக்கோன் வகையான டாட் 5 ஆயிலைப் பழைய ஆயிலோடு கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயில் பட்ட புனலை இதற்குத் தொடக்கூட வேண்டாம். ரப்பர் கப்கள் ஊதிப்போகும். பெயிண்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு

சூரமங்கலம் நண்பர் ஆயிலைப் பற்றி எழுதியது சரி. ஆனால் ஆயிலை மாற்றிவிட்டால் போதும் என்ற எண்ணம் அதைப் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது. எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதைக்கு வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த விதி. மூன்றாம் கியரில் இறங்கினால் எந்த ஆயிலும் ஒருநாள் கொதிக்கத்தான் செய்யும். இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: பெடல் உறுதியாக நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது, பெடலே இறங்கிப் போனால் ஆயில் கொதித்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

என் வண்டி ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. ஆனால் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் வந்தது என்பதால் இங்கே எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன். எனக்குச் சிக்கல் வந்தது ஏற்றத்தில். சித்திரை வெயிலில், நண்பகலில், ஒரு வளைவின் நடுவே வண்டி இருமுறை திணறி நின்றுவிட்டது. பெட்ரோல் பம்ப் எஞ்சின் பிளாக்கிலேயே இருப்பதால், சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போகாமல் நின்றிருக்கிறது. பின்னால் பேருந்து. நான் பானட்டைத் திறந்தேன். ஹெரால்டில் முன்பகுதி முழுவதுமே முன்னோக்கிச் சாயும் என்பதால் எஞ்சின் அப்படியே வெளியே தெரியும். அந்தப் பேருந்தின் நடத்துநர் இறங்கி வந்தார். என்னை எதுவும் கேட்கவில்லை. கழுத்தில் இருந்த துண்டை எடுத்து, தம் பாட்டில் தண்ணீரை முழுவதும் அதில் ஊற்றி, சரியாக அந்தப் பம்பின் மேல் சுற்றினார். “கொஞ்ச நேரம் இருங்க, எடுத்துக்கும்” என்றார். எடுத்துக்கொண்டது. துண்டைத் திரும்பக் கொடுக்கப் போனபோது அதை வாங்கிக்கொள்ளாமல் விசில் ஊதிவிட்டார். எந்தப் பேருந்து என்றுகூட நான் கவனிக்கவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

பிரேக்கைப் பொறுத்தவரை என் முடிவான கருத்து இது: முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாட்டிவிடுங்கள். ஸ்பிட்ஃபயரின் முன்பக்க டிஸ்க் ஹெரால்டுக்குப் பொருந்துகிறது. என் வண்டியில் அதுதான் இருக்கிறது. எம்ஜி ஏ வண்டியிலேயே 1959-இல் வந்த 1600 மாடலுக்குத் தயாரித்தவர்களே முன்பக்கம் டிஸ்க் கொடுத்துவிட்டார்கள். உயிரை விட அசல்தன்மை பெரிதா?

ஃபேர்லேண்ட்ஸ், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்

செவ்வாய்ப்பேட்டை நண்பரோடு நான் உடன்படவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய, அடிச்சட்டமும் பாடியும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி அசல் வடிவில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய், எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். டிஸ்க் மாட்டுவது பெரிய மாற்றமா, சிறிய மாற்றமா என்பதை வண்டியைப் பார்க்கிற அதிகாரிதான் சொல்வார். கழற்றிய டிரம், பேக் பிளேட், ஷூ எதையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் வைத்திருப்பவர்கள் மட்டும் அந்த மாற்றத்தைச் செய்யட்டும். நான்கு டிரம்மும் ஒழுங்காக இருந்தால் ஏற்காட்டு இறக்கத்துக்கு அவை போதும். தோட்டக்காரர்கள் அந்த வண்டிகளை மலையிலேயே வைத்து ஓட்டியவர்கள்தானே?

பெட்ரோல் ஆவியான கதைக்கு வருகிறேன். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். நம் வண்டிகளின் ரப்பர் ஹோஸ், பம்ப் டயாபிரம், கார்க் வாஷர் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓர் இரவு கதவைப் பூட்டப் போனவன் பெட்ரோல் வாடை அடித்ததால் டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்புரேட்டரின் மிதவை அறைக்குப் போகும் ஹோஸின் வளைவில் மயிரிழை போன்ற வெடிப்புகள். அதிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, வெளிச்சத்தில் மின்னி, நேர் கீழே இருந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தது. எஞ்சின் ஆறியிருந்ததால் வீடு தப்பியது. அன்று அந்த ஹோஸைக் கையில் எடுத்து வளைத்தபோது பொடியாக உதிர்ந்தது. வாங்கும்போது எத்தனால் தாங்கும் வைட்டான் என்ற ரப்பரால் ஆன உள்சுவர் உடையதா என்று கேட்டு வாங்குங்கள். இருக்கைக்குப் பின்னால் உலர்பொடி தீயணைப்பான் ஒன்று இல்லாமல் இந்த வண்டிகளை எடுக்கவே கூடாது.

சங்ககிரி, லாரிப் பட்டறை

தம்பிகளே, டிஸ்க்கா டிரம்மா என்ற வாதம் இருக்கட்டும். வீட்டில் இந்த வேலையைப் பார்க்கிறவர்கள் வண்டியை எதன் மேல் நிறுத்துகிறீர்கள் என்று யாரும் எழுதவில்லையே, அதுதான் எனக்குக் கவலை. லாரிப் பட்டறையில் காலம் தள்ளியவன் நான். பக்கத்து ஊரில் இளைஞர் ஒருவர், ஹாலோ பிளாக் கல்லின் மேல் காரை நிறுத்திவிட்டு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நுழையும்போதுதான் கல் நொறுங்கியது. பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் படுக்கவைத்திருந்ததால் வண்டி அதன் மேல் வந்து உட்கார்ந்தது. அவர் முகத்துக்கும் சைலன்சர் குழாய்க்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருந்தது. அவரை இழுத்து வெளியே எடுத்தபோது கையில் ஸ்பேனரை விடாமல் பிடித்திருந்தார். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். நிறுத்துவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும், இல்லையேல் நல்ல பருமனான மரக்கட்டை வேண்டும். சிமெண்ட் கல்லை நம்பாதீர்கள்.

இன்னும் ஒன்று. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதுகிறீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். லைனிங்கை ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்தால், ரிவெட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தலை டிரம்மைத் தொட்டுவிட்டால் வட்டமாகக் கோடு விழுந்து, லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டிவரும். கடையக் கடைய டிரம் மெலியும். மெலிந்த டிரம் சீக்கிரம் சூடாகும். இந்த வண்டிகளுக்குப் புது டிரம் எளிதில் கிடைக்காது என்பதை லேத்காரரிடம் முன்னதாகவே சொல்லி, தேவைக்கு மேல் ஒரு நூல்கூட எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் எழுதியவருக்கு: நான்கு டிரம்மும் ஒரே அளவு சூடாகியிருந்தனவா? வளைவில் நிறுத்தியபோது எந்தச் சக்கரத்தில் லைனிங் கருகிய வாடை வந்தது?

அஸ்தம்பட்டி, எம்ஜி ஏ 1500

சங்ககிரி ஐயா, நீங்கள் கேட்டதும்தான் நினைவுக்கு வந்தது: வாடை முழுவதும் இடது முன்சக்கரத்திலிருந்துதான் வந்தது. முன்பக்கம் முழுவதையும் ஸ்டாண்டில் நிறுத்தி, மனைவியைப் பெடலை மிதித்து விடச் சொன்னேன். வலது சக்கரம் உடனே தாராளமாகச் சுழன்றது. இடது சக்கரம் கையால் தள்ளியும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்து, சற்று நேரம் கழித்துத்தான் இளகியது. மறுபடி மிதிக்கச் சொல்லி, பிடித்திருக்கும்போதே பிளீடர் நிப்பிளைத் திறந்தேன். சிறிது ஆயில் பீய்ச்சி அடித்தது. சக்கரம் அந்த நொடியே விடுபட்டது.

அதாவது ஷூக்களிலோ பிஸ்டனிலோ குறை இல்லை. அந்தச் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதி அடைத்துக்கொண்டிருக்கிறது. மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போகிறது, விட்டதும் திரும்ப வழியில்லை. ஹோஸை அறுத்துப் பார்த்தேன். வெளியே பளபளப்பாக இருந்த ரப்பரின் உள் துளையில் ஓர் ஊசி நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. மலை முழுவதும் அந்த ஒரு டிரம் லைனிங்கை உரசிக்கொண்டே இறங்கியிருக்கிறது. ஈரம் ஏறிய ஆயில் அங்கேதான் கொதித்திருக்கிறது. சூரமங்கலம் நண்பர் சொன்னதும் சரி, சங்ககிரி ஐயா தேடச் சொன்ன இடமும் சரி.

நான்கு சக்கரங்களுக்கும் டாட் 4 ஆயில் மாற்றிவிட்டேன். டிரம்மை விடுவதாக இல்லை. செவ்வாய்ப்பேட்டை நண்பர் மன்னிக்க வேண்டும். எஞ்சின் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினுக்கு உறவு என்பதால் அதற்குப் பல உதிரிகளை இங்கேயே தேடிப் பிடித்துவிடுகிறேன்; பிரேக் ஹோஸ்தான் தொல்லை. ஒரு கடையில் கொடுத்த ஹோஸ் பார்வைக்கு அச்சு அசலாக இருந்தது, ஆனால் அதன் மரை மெட்ரிக், நம்முடையது யுஎன்எஃப் என்ற அங்குல அளவு மரை. இரண்டு சுற்று ஏறிவிட்டுப் பிறகு இறுகியது. அதற்கு மேல் திருகியிருந்தால் பித்தளை மரை சிதைந்திருக்கும். முன்சக்கரத்துக்கு யுஎன்எஃப் மரையுள்ள ஹோஸ், பழைய இருப்பாக இல்லாமல் அண்மையில் தயாரித்ததாக, சேலத்திலோ ஈரோட்டிலோ யாரிடம் கிடைக்கும்? பழைய முனைகளில் புது ரப்பரை அழுத்திப் பொருத்தி, அழுத்தச் சோதனையும் செய்து தரும் ஹைட்ராலிக் ஹோஸ் கடைகள் உண்டு என்கிறார்கள். பிரேக்குக்கு அதை நம்பலாமா என்பதை, செய்து பார்த்தவர்கள் மட்டும் எழுதுங்கள்.